கப்பலேறச் செய்வது எது?

2022ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பலின் பயணத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். கடலே காணாத ஆரணிப் பட்டு வட்டாரத்திலும், பெரணமல்லூர்த் தறிவீடுகளிலும், "கப்பலில் போய் வரலாமாமே" என்ற பேச்சுக்கு அதனால் இடம் உண்டாயிற்று. பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள்; பெற்றோரை ஒருமுறை அனுப்பி வைக்க ஆசைப்படுகிறார்கள். பெற்றோரோ வேண்டாம் என்கிறார்கள். ஏன்?

இதே கேள்வியைப் பல ஆண்டுகளாகக் கேட்டுக் கொண்டிருப்பவர்கள் ஜப்பானியக் கப்பல் நிறுவனத்தார். நாற்புறமும் கடல் சூழ்ந்த நாடு. கப்பல் கட்டுவதில் உலகப் புகழ் பெற்ற நாடு. அங்குள்ளோர் விடுமுறை வந்ததும் கப்பலுக்கு ஓடுவார்கள் என்றே எவரும் எண்ணுவர். ஆயின், பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களில் 2019ஆம் ஆண்டு உல்லாசக் கப்பலேறியவர்கள் ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேரே. 1989இல் 'ஃபுஜி மாரு' என்னும் கப்பல் வெள்ளோட்டம் கண்டபோது, இதோ புதுயுகம் பிறந்தது என்று கொண்டாடினார்கள். முப்பது ஆண்டுகள் கழிந்தும் தொகை அவ்வளவுதான்.

பணமின்மை காரணமன்று. ஜப்பானியரிடம் இல்லாதது நாட்கள். சட்டப்படி ஊழியருக்கு ஆண்டுக்குப் பத்து நாளில் தொடங்கி இருபது நாள் வரை ஊதியத்துடன் விடுப்பு உண்டு. ஆனால் நெடுங்காலம் அவர்கள் அதில் ஏறக்குறையப் பாதியையே எடுத்து வந்தனர். தாம் விடுப்பெடுத்தால் தம் வேலை பக்கத்து மேசைக்காரர் தலையில் விழுமே என்ற கூச்சம்! விடுமுறை சென்று திரும்புகிறவர் அலுவலகத்தார் அனைவருக்கும் தின்பண்டம் வாங்கி வருவது அங்கே எழுதாத சட்டம். இறுதியில் 2019 ஏப்ரல் முதல், பத்து நாளுக்குக் குறையாத விடுப்புரிமை உள்ள ஊழியர் ஐந்து நாளேனும் எடுக்கும்படி செய்வது முதலாளியின் கடமை என்று அரசே சட்டம் இயற்ற நேர்ந்தது. ஓய்வெடுக்கச் சட்டம் போட வேண்டியிருந்ததை எண்ணினால் சிரிப்பும் வருகிறது, இரக்கமும் வருகிறது.

ஆகவே அங்கே கப்பலேறியவர்கள் பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள். போருக்குப் பின் 1947 முதல் 1949 வரை பெருந்தொகையாகப் பிறந்த தலைமுறை 2007இல் அறுபது வயதை எட்டத் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டில் 'அசுகா இரண்டு' என்னும் பெருங்கப்பல் சேவைக்கு வந்தது தற்செயலாய் இருக்க முடியாது. வாழ்நாளெல்லாம் வீட்டில் சேர்ந்து உண்ண நேரமில்லாத கணவனும் மனைவியும், மணநாள் நினைவாகவோ பணி ஓய்வின் மகிழ்ச்சியாகவோ சேர்ந்து புறப்பட்டார்கள்.

அவர்களைத் தடுத்தவை வேறு சில அச்சங்கள்: தலைசுற்றல், புரியாத மொழி, பிடிக்காத உணவு, 'இது செல்வர் வீட்டுச் சமாச்சாரம்' என்ற எண்ணம். அமெரிக்க நிறுவனம் ஒன்று இதை உணர்ந்து, நாகசாகியில் கட்டப்பட்ட தன் 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பலில் 2014இல் ஜப்பானிய முறை வெந்நீர்க் குளியலறையே அமைத்து, யோகோஹாமாவிலிருந்து ஓட்டியது. விமானமேறி அந்நிய நாட்டுக்குப் போய்க் கப்பல் பிடிக்கும் தொல்லை நீங்கியது. விளம்பரத்தைவிட, போய் வந்த அண்டை வீட்டம்மாள் சொல்லும் சொல்லே வலிமை மிக்கது என்பதும் உண்மை.

அதே கப்பல்தான் 2020 பிப்ரவரியில் உலகை நடுங்கச் செய்தது. 3,711 பேர் இருந்த அக்கப்பலில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. பயணிகளில் பலர் முதியோர். நம் நாட்டார் 138 பேர் அதில் இருந்தனர். அவர்களுள் 132 பேர் சமைத்தும் துடைத்தும் பரிமாறியும் பிழைத்த கப்பல் ஊழியர்கள். பயணிகள் அறையில் அடைபட்டிருந்த நாட்களில் அவர்களுக்கு உணவு சுமந்தவர்கள் கப்பல் ஊழியர்களே. ஒருவருடைய ஓய்வு மற்றொருவருடைய வேலையன்றோ! 2023இல் அதே கப்பல் யோகோஹாமாவிலிருந்து மீண்டும் புறப்பட்டபோது ஏறுவதற்கு ஆட்கள் இருந்தனர். அச்சம் மறைய மூன்றாண்டு போதுமானதாயிற்று. விடுப்பெடுக்கும் கூச்சம் மறைய எத்தனை ஆண்டோ?

இனிப் பெரணமல்லூருக்கு வருவோம். நெசவாளருக்கு விடுப்புச் சட்டம் ஏது? சேலைக்குக் கூலி; தறி நின்றால் கூலியும் நின்றது. ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் இல்லை, ஓய்வாக இருப்பார்கள் என்று வெளியூர்ப் பிள்ளைகள் கணக்கிடுவது தவறு. ஆவணி, தை முகூர்த்தங்களுக்கான சேலைகள் அப்போதுதான் தறியில் இருக்கும். ஐந்து நாள் கப்பலில் இருந்தால், நெய்பவருடைய கூலியோடு, நூல் சுற்றித் தரும் மனைவியின் உழைப்பும் சேர்ந்து போகும். "வயதான காலத்தில் எங்களுக்கெதற்கு" என்று அவர்கள் சொல்வதில் இந்தக் கணக்கு மறைந்திருக்கிறது. சீட்டுப் பணத்தோடு இக்கூலியையும் பெற்றோர் கையில் வைக்கும் பிள்ளைக்கு வேறு பதில் கிடைக்கக்கூடும்.

நாளையும் பார்த்தே குறிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடல் புயலுக்குப் பேர்போனது. முதன்முறை கடலேறுகிறவருக்கு ஏற்ற காலமன்று. ஜப்பானிய நிறுவனங்கள் புதியவர்களுக்கென ஓரிரவு, ஈரிரவுப் பயணங்களை நடத்துகின்றன. சென்னையிலிருந்தும் 2022இல் நடுக்கடல் வரை சென்று திரும்பும் இரண்டு இரவுப் பயணம் இருந்தது. ஒரு பாவு முடிந்து சேலையை அறுத்தபின், அடுத்த பாவைப் பிணைக்குமுன் கிடைக்கும் இடைவெளிக்கு அத்தகைய பயணம் அளவாகப் பொருந்தும்.