உயிரைக் காப்பாத்தியாச்சு, ஆளை யார் காப்பாத்துறது?

ரோட்டுல அடிபட்டா முதல் 48 மணி நேரம் அரசாங்கமே வைத்தியச் செலவைப் பார்த்துக்கும். 2021 டிசம்பர் 18-ல மேல்மருவத்தூர்ல ஆரம்பிச்ச 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் அது. எந்த ஊர்க்காரன், காப்பீட்டு அட்டை இருக்கான்னு கேக்காது. ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும்னு தொடங்கினாங்க. நல்ல திட்டம், கையெடுத்துக் கும்பிடலாம். என் கேள்வி 49-வது மணி நேரத்தைப் பத்தி.

நாத்து நட்டதும் வெள்ளாமை வீடு வந்துடுச்சுன்னு எந்த விவசாயியும் சொல்ல மாட்டான். தண்ணி கட்டணும், களை எடுக்கணும். தலைக்காயத்துக்கு ஆபரேஷன் பண்றது நாத்து நட்ட மாதிரிதான். அடிபட்ட மூளை திரும்பப் பழகும். ஆனா பழக்கிவிட ஆள் வேணும், அதுவும் முதல் சில மாசத்துல விடாம வேணும். நடக்க வைக்க ஒருத்தர், பேச வைக்க ஒருத்தர், பொத்தான் போட, சோறு பிசையச் சொல்லிக் கொடுக்க ஒருத்தர், மறதியையும் கோபத்தையும் சமாளிக்க ஒருத்தர்.

எங்க அனகாபுத்தூர்ல என்ன நடக்குது? பைக்ல விழுந்த ஒரு தறிக்காரர் எங்க தெருவுல இருக்கார். டிஸ்சார்ஜ் சீட்டுல மாத்திரை எழுதியிருந்தது, பயிற்சிக்கு எங்க போகணும்னு ஒரு வரி இல்லை. கே.கே.நகர்ல அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்குன்னு அவர் சம்சாரத்துக்கு எட்டு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. போக வர ஆட்டோ காசு, கூடவே அன்னிக்கு அந்தம்மா கூலியும் போச்சு. இப்படி வாரம் மூணு நாள் யாரால முடியும்?

"வீட்டுக்கே பிசியோதெரபி வருதே"ன்னு கேப்பீங்க. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வருது, இல்லைங்கல. அது கை காலைப் பார்க்கும். பெத்த பிள்ளை பேரை மறந்தவரை யார் பார்க்குறது?

சட்டத்துலயும் இவங்களுக்குன்னு இடம் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகையைச் சொல்லுது. பார்க்கின்சன் நோய் பேர் இருக்கு. தலைக்காயத்தால வர்ற மூளை பாதிப்புன்னு தனியா ஒரு வகை இல்லை. கால் இழுத்தா ஒரு கணக்கு, பேச்சு போனா இன்னொரு கணக்குன்னு ஆளைக் கூறு போட்டுத்தான் அளக்கணும். கை காலெல்லாம் நல்லா இருந்து புத்தி தடுமாறுறவனை ஊரு என்ன சொல்லும் தெரியுமா? "உடம்பு வளையாத சோம்பேறி"ன்னு சொல்லும்.

நான் கேக்குறது மூணே மூணு. டிஸ்சார்ஜ் சீட்டுல பயிற்சி இடத்தோட பேரு. தாம்பரம் மாநகராட்சிக்குள்ள அந்த நாலு பேரும் உட்கார்ற ஒரு மையம். சட்டத்துல தலைக்காயத்துக்கு ஒரு வரி.

பட்டணத்துல உட்கார்ந்து இதைப் படிக்கிறவங்களே, மேம்பாலமும் மெட்ரோவும் வேணும்னு மனு கொடுக்கிறீங்க, சரி. அந்த ரோட்டுல விழுந்து எழுந்தவனுக்கும் சேர்த்து ஒரு மனு எழுதுங்க. எங்களை விட உங்க குரல்தான் கோட்டைக்குச் சீக்கிரம் கேக்குது.