பெயர் இரண்டு, எலும்புக்கூடு ஒன்று!

அட்டனிலும் நுவரெலியாவிலும் மலையேறி இறங்கும் சிறு கார்களை வாசகர்கள் நாள்தோறும் காண்கின்றனர். ஆசிரியரும் தாதியரும் காய்கறித் தோட்டக்காரரும் கடன்பட்டு வாங்கியவை அவை. நெற்றியில் வேறு வேறு பெயர்கள்; விலையும் வேறு வேறு. ஆனால் வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள். பெயரால் பிரிந்த இரு வண்டிகளுக்கு எலும்புக்கூடு ஒன்றாகவே இருப்பதுண்டு!

இது புதிய வித்தையன்று. 1959 இல் பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனம், அலெக் இசிகோனிஸ் வகுத்த ஒரே சிறு காரை ஒஸ்ரின் செவன் என்றும் மொரிஸ் மினி-மைனர் என்றும் பெயரிட்டு விற்றது. எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களை இயக்கியதால் சிறிய உடலில் நால்வருக்கு இடம் கிடைத்தது. 2004 இல் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா பாசோவும் டைஹாட்சு பூனும் இரட்டைப் பிள்ளைகளே. சென்னையை அடுத்த ஒரகடத்தில் பிறந்த ரெனோ குவிட்டுக்கும் டட்சன் ரெடிகோவுக்கும் அடித்தளம் ஒன்றே. 2022 இல் டட்சன் என்ற பெயர் கைவிடப்பட்டது. பெயர் போனாலும் வாங்கியவனின் வண்டி ஓடவேண்டுமே!

அடித்தளத்தைப் பகிர்வதை நாம் குறை கூறவில்லை. அதனால் செலவு குறையும். எளியவனும் கார் வாங்கலாம். பகிர்வின் இலாபம் ஆக்கியவனுக்கும் விற்பவனுக்கும் போய்ச் சேர, அந்த உண்மை மட்டும் வாங்குபவனுக்கு மறைக்கப்படுகிறதே, அதுவே நமது வழக்கு.

இவ்வகைக் காரில் வண்டியை இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரங்களே. அவற்றுக்கு விசையைக் கொண்டுசெல்லும் மூட்டை மெக்கானிக்மார் சி.வி. ஜொயின்ற் என்பர். தோட்டத்துக் கல்வீதியில் அதன் றப்பர் உறை கிழிந்து சேறு புகுந்தால், மூட்டு விரைவில் தேயும். நம்மிடம் வந்த ஆசிரியர் ஒருவருக்கு நேர்ந்தது இதுவே. "கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்துதான் வரவேண்டும்" என்றார் கடைக்காரர். இரு வாரம் வண்டி முடங்கியது. ஆசிரியர் வாடகை வண்டியில் பள்ளி சென்றார். சம்பளத்தில் ஒரு பங்கு போயிற்று. அந்தக் காரின் இரட்டைப் பிறவிக்குரிய மூட்டு, அதே கடையின் தட்டிலே கிடந்தது, பொருந்தவும் செய்தது!

"எல்லாப் பாகமும் பொருந்தாது" என்பர் வணிகர். உண்மை, கதவும் விளக்கும் பொருந்தாமற் போகலாம். ஆகவேதான், எவை பொருந்தும் என்று எழுதித் தாருங்கள் என்கின்றோம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 10 ஆம் பிரிவு, பொருள்களின் சுட்டிகள் பற்றி வணிகருக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தைச் சபைக்குத் தந்துள்ளது. அவ்வதிகாரத்தை இவ்விடயத்தில் ஏன் செலுத்தலாகாது?

2020 மார்ச்சில் கார் இறக்குமதி தடைப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியாருக்குத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டியைப் பழுதுபார்த்தே மலைநாடு நடமாடியது. அந்தப் பாடத்தை மறக்கலாமா? வண்டியின் அடித்தளம் எது, அதனைப் பகிரும் வண்டிகள் எவை, பொருந்தும் பாகங்களின் இலக்கங்கள் எவை என்ற பட்டியல், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அச்சாகி விற்பனைச் சீட்டுடன் வரவேண்டும்.

அதுவரை வாசகர்களே, வாங்குமுன் கேளுங்கள். நெற்றிப் பெயருக்கு விலை கொடாதீர்கள்; எலும்புக்கூட்டின் பெயரைக் கேளுங்கள்!