இது எந்த நகரம்?

நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. போரில் அழிந்துபோன நகரம். பின்னர் மீண்டும் கட்டி எழுப்பப்பட்டது. இது எந்த நகரம்?

சென்ற மாதம் எமது பெண்கள் குழுக் கூட்டத்தில் இப்படித்தான் கேட்டேன். ஒருவர் ஹிரோஷிமா என்றார். இன்னொருவர் பேர்லின் என்றார். பின்னால் இருந்த அம்மா ஒருவர், "பிள்ளை, வன்னியிலையும் ஆறு ஓடுது, சண்டையும் நடந்தது. அதையும் சேர்த்து எழுதும்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. போரில் அழிந்தது என்ற ஒன்றை மட்டும் வைத்து எந்த நகரையும் அடையாளம் காண முடியாது, சகோதரிகளே. அது எத்தனையோ ஊர்களுக்குப் பொருந்தும். அந்த நகருக்கு மட்டுமே உரியது எது என்று தேட வேண்டும்.

எனவே மேலும் குறிப்புகள் தந்தேன். அந்த ஆறு வடக்கு நோக்கி ஓடி பால்டிக் கடலில் கலக்கிறது. நகரிலிருந்து கடல் வெகுதூரம். ஆனாலும் நகரின் சின்னம் ஒரு கடற்கன்னி. கையில் வாளும் கேடயமும் வைத்திருக்கிறாள். தேசப்படப் புத்தகம் கைக்குக் கை மாறியது. பால்டிக் கடலைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஆறுகளின் வழியே விரலை மேலே நகர்த்தினார்கள்.

அடுத்த குறிப்பு, 1867இல் அங்கு பிறந்த ஒரு பெண். அக்காலத்தில் அந்நகரம் ரஷ்ய ஆட்சியின் கீழ் இருந்தது. பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. ஆகவே இரகசிய வகுப்புகளில் படித்தார். பொலிசாருக்குத் தெரியாமல் வீட்டுக்கு வீடு இடம் மாற்றி நடத்தியதால் அதற்குப் 'பறக்கும் பல்கலைக்கழகம்' என்று பெயர். (மரத்தடியிலும் கூடாரத்திலும் படித்த எமக்கு இது விளங்கும்.) 1891இல் பாரிஸ் சென்றார். 1903இல் பௌதிகவியலுக்கும் 1911இல் இரசாயனவியலுக்கும் நோபல் பரிசு பெற்றார். தான் கண்டுபிடித்த மூலகம் ஒன்றுக்குத் தாய்நாட்டின் பெயரை வைத்தார்.

"மேரி கியூரி! பொலோனியம்! அப்ப போலந்து" என்றார் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு சகோதரி. மகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் வாசித்தாராம். அவரது விரல் விஸ்துலா ஆற்றின் கரையில் நின்றது. வார்சோ.

1944இல் அந்நகர மக்கள் ஜேர்மன் படைகளுக்கு எதிராகக் கிளர்ந்து 63 நாட்கள் போராடித் தோற்றார்கள். அதன்பின் மக்களை வெளியேற்றிவிட்டு, எஞ்சியிருந்த கட்டடங்களையும் வீதி வீதியாக எரித்தும் வெடிவைத்தும் தகர்த்தனர். பழைய நகரை மீண்டும் கட்டியபோது, 18ஆம் நூற்றாண்டில் பெலோட்டோ என்ற ஓவியர் வரைந்த வீதிக் காட்சிகளும் போருக்கு முன் எடுக்கப்பட்ட அளவுப் படங்களும் உதவின. இடிபாட்டில் பொறுக்கிய செங்கற்களையும் பயன்படுத்தினார்கள். 1980இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நான் கவனித்தது, அதைக் கேட்டவர்கள் கேள்வி கேட்டது அழிவைப் பற்றியல்ல. "அந்தப் படங்களை ஆர் ஒளிச்சு வைச்சது?" என்றுதான் கேட்டார்கள். வீட்டு உறுதியைச் சேலைக்குள் முடிந்துகொண்டு ஓடியவர்களின் கேள்வி அது.

ஹிரோஷிமா என்றவரும் முதற் குறிப்புகளின்படி பிழை சொல்லவில்லை. அந்நகரைப் பிரித்துக் காட்ட வேறு குறிப்புகள் உண்டு. ஆறு பல கிளைகளாகப் பிரியும் கழிமுகத்தில் அமைந்த நகர் அது. 1945 ஓகஸ்ட் 6இல் அணுகுண்டு விழுந்து மூன்றே நாட்களில் அங்கு ட்ராம் வண்டி சிறிது தூரம் ஓடியது. ஆண்கள் போருக்குப் போயிருந்ததால் வண்டி ஓட்டப் பழகியிருந்தவர்களில் பள்ளிச் சிறுமிகளும் இருந்தார்கள். நகரின் மலர், எங்கள் வேலியோரத்திலும் பூக்கும் அலரி.

அடுத்த மாதத்துக்கான நகரம்: சுற்றிலும் மலைகள். 1914இல் இங்கு சுடப்பட்ட ஓர் இளவரசரால் உலகப் போர் மூண்டது. 1984இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. 1993இல் விமான நிலையத்தின் கீழே சுரங்கம் தோண்டி, அதன் வழியே உணவு கொண்டுவந்தார்கள். தேசப்படத்தை எடுங்கள். விடையைத் தபாலட்டையில் எழுதி அனுப்புங்கள்.