ஒரு நாடு கட்ட வழி கேட்டால்

நாவலுக்காக ஒரு கற்பனை நாடு கட்ட வேண்டும். இரண்டு ஆறு, ஒரு மலைத்தொடர், அடித்துக்கொள்ள ஒரு அரச குடும்பம். எங்கே தொடங்குவது என்று சொல்லித்தரத் தமிழில் ஒரு கையேடு கேட்டுப் பாருங்கள். சிறுகதை எழுதுவது எப்படி, சினிமாவுக்குத் திரைக்கதை எழுதுவது எப்படி, இவைதான் கைக்கு வரும்.

சரி, யூடியூப்? அது வேறு கொடுமை. "உங்க உலகம் உயிரோட இருக்கணும்" என்கிறார்கள். எப்படி? அதற்குக் கோர்ஸில் சேர வேண்டுமாம். பணம் கட்டினால் ஒரு பிடிஎஃப் வருகிறது. நாட்டின் கொடி என்ன நிறம்? ராஜாவுக்குப் பிடித்த சாப்பாடு என்ன? அட, அந்த அரிசி எங்கே விளைந்தது, யார் சுமந்து வந்தார்கள், வழியில் சுங்கம் வாங்கியது யார், அதைக் கேளுங்களேன்!

ஆங்கிலத்தில் நல்லது இல்லாமல் இல்லை. ஃபேண்டஸி நாவலாசிரியர் பிராண்டன் சாண்டர்சன் தன் பல்கலைக்கழக வகுப்புகளையே இலவசமாகப் போட்டிருக்கிறார். பெரிய மனசு. ஆனால் ஆங்கிலக் கையேடுகளில் பாதிக்கு மேல் அதே பனி, அதே கல்கோட்டை, அதே சத்திரம், அதே ஸ்டூ. எழுத்தாளர் டயானா வின் ஜோன்ஸ் இந்த அச்சடித்த நாடுகளைக் கிண்டலடித்து 1996-லேயே டூரிஸ்ட் கைடு மாதிரி ஒரு புத்தகம் போட்டுவிட்டார். யார் கேட்டார்கள்?

நம் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பாருங்கள். ஜூன் மாதம் கேரளப் பக்கம் கொட்டித் தீர்க்கும். இந்தப் பக்கம் பெரும்பாலும் காற்றுதான்; நமக்கு மழை ஐப்பசியில். நடுவே பாலக்காட்டுக் கணவாய். பழைய முசிறித் துறைமுகத்துச் சரக்கு உள்ளே வர அது வழி. அந்தத் தடத்தில் கொடுமணல், அங்கே கல்மணியும் இரும்பும். கோவை வட்டாரத்தில் ரோமானியக் காசு குவியலாகக் கிடைத்தது சும்மாவா? மலையில் ஓர் இடைவெளி விழுந்தால் பாதை வருகிறது, பாதையோடு தொழில், காசு, காசைக் காக்க ஆள். இதைவிட நல்ல பாடம் யார் நடத்துவார்கள்?

தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தை எடுங்கள். முதலில் நிலமும் பொழுதும். பிறகு தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். இவற்றோடு பொருந்தி மனிதரின் உணர்வு. உலகம் கட்டுகிறவனுக்கு இதைவிட உறுதியான அஸ்திவாரம் நான் பார்த்ததில்லை. அதைப் பள்ளியில் என்ன செய்தோம்? குறிஞ்சிக்கு முருகன், முல்லைக்குத் திருமால், பொருத்துக. மார்க் வாங்கியதும் மறந்தாயிற்று. "இந்த எட்டையும் வைத்து நீயாக ஒரு ஊர் உண்டாக்கு, பார்ப்போம்" என்று ஒரு வகுப்பிலாவது சொல்லியிருந்தால்! எனக்கு வயிறு எரிகிறது.

செய்து காட்டியவர்கள் இல்லையா? ஜெயமோகன் 1997-ல் விஷ்ணுபுரம் நாவலில் ஒரு நகரத்தையே எழுப்பினார். பாகுபலி படத்தின் காலகேயர்களுக்காக மதன் கார்க்கி கிளிக்கி என்று ஒரு மொழியே உருவாக்கினார். இவர்களிடம் உட்கார்ந்து, வேலை நடந்த விதத்தைக் கேட்டு, புதிதாக எழுத வருகிற பிள்ளைகளுக்காக ஒரு கையேடாகப் போடலாமே. ஒரு பதிப்பகத்தில் சொன்னேன். "இதையெல்லாம் யாருங்க வாங்குவாங்க?" என்றார்கள். போட்டுப் பார்க்காமல் அது எப்படித் தெரியும்?