ஆலை இடம்பெயர்ந்தது, லயம் அசையவில்லை

நுவரெலியாவின் பழைய பியர் ஆலையைப் பற்றிப் பெருமையுடன் எழுதுவோர், 1881 இல் சாமுவேல் பேக்கர் அதைத் தொடங்கினார் என்கிறார்கள். பேக்கரோ 1855 இலேயே இலங்கையை விட்டுப் போனவர்! துரையின் பெயர் கிடைத்தால் போதும். ஆண்டுக் கணக்கை யார் பார்க்கிறார்கள்?

லவர்ஸ் லீப் அருவி நீரில் வடித்த அந்தப் பியர், மலையகத்து வெள்ளைத் துரைமாருக்காகவே முதலில் தயாரானது. அவர்களின் பணப்பையை நிரப்பிய தமிழ்த் தொழிலாளர் ஒருவரின் பெயரைக்கூட இந்த வரலாறு சொல்வதில்லை.

1998 இல் கொழும்புக்கு அருகே பியகமவில் புதிய ஆலை இயங்கத் தொடங்கியது. மலையிலிருந்த ஆலை ஓய்ந்தது. வணிகத்துக்கு அது சரியாக இருக்கலாம். நான் கேட்பது வேறு. பியருக்குப் புதிய கட்டடம் எழுப்ப முடிந்த நாட்டில், அதே வெள்ளையர் காலத்து லயங்களுக்கு மட்டும் ஏன் விடிவில்லை? நுவரெலியாவிலும் அட்டனிலும் 10 அடிக்கு 12 அடி அறைகளில் இன்றும் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்கின்றன. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். குடியுரிமை மீண்டது, குடியிருக்கக் காணியும் வீடும் பலருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

மூடிய ஆலைக்காகப் பெருமூச்சு விடுவோரே, மூடப்பட வேண்டிய லயங்கள் இன்னும் திறந்தே கிடக்கின்றன!