பந்து சோறு போடுமா?

"பந்து உதைத்தால் வயிறு நிறையுமா?" என்று கேட்காத தாய் இல்லை. கேள்வி பழையது. பதில்தான் இன்னும் சரியாகக் கிடைக்கவில்லை.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கேரள எல்லையை ஒட்டி, மீனவ ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. நீரோடி, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் என்று ஊருக்கு ஊர் தோள் உரசி நிற்கும். நாஞ்சில் நாட்டுக்கு நெல் எப்படியோ, அப்படி இந்த ஊர்களுக்குக் கால்பந்து. மாலை ஆனால் மணலில் பந்து உருளும். அப்பன் ஆழ்கடலில் இருப்பான். பிள்ளை பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருப்பான்.

பிள்ளையைக் கடலுக்கு அனுப்பவும் தாய்க்கு மனம் வருவதில்லை. 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தது. இந்தக் கரையிலிருந்து போன பலர் திரும்பி வரவில்லை. அதை மறக்க முடியுமா? "கடல் வேண்டாம், பந்தே ஆடட்டும்" என்று நினைக்கும் வீடுகள் உண்டு.

ஆனால், பந்திலும் புயல் உண்டு.

இரவிபுத்தன்துறை வீரர்

மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். மீனவக் குடும்பத்துப் பிள்ளை. சென்னை சிட்டி அணியில் சேர்ந்து, ஐ-லீக் போட்டியில் பெயர் எடுத்தார். 2018-ல் ஜாம்ஷெட்பூர் அணி அவரை எடுத்துக்கொண்டது. 2019 ஜூன் மாதம் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பைப் போட்டியில் இந்தியாவுக்காக ஆடினார். அடுத்து கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி. 2020 மார்ச்சில் அந்த அணி ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது. கடற்கரை மணலில் பந்து உதைத்த பையன் நாட்டின் உச்சிக்கே போய்விட்டார்!

அதே ஆண்டு நவம்பர் 20. புதிய தொடரின் முதல் ஆட்டம். எதிரே கேரள பிளாஸ்டர்ஸ். ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம் ஆகவில்லை. முழங்காலில் அடி! வெளியே வந்தவர் அந்தத் தொடர் முழுவதும் களத்துக்குத் திரும்ப முடியவில்லை. பிறகு தேறி, ஒடிசா அணியில் சேர்ந்தார்.

அவர் உச்சியில் இருந்தவர். பெரிய அணி, மருத்துவர், சம்பளம் எல்லாம் இருந்தன. அதே அடி, கீழ்ப்படியில் ஆடும் ஒரு பையனுக்கு விழுந்தால் என்ன ஆகும்?

கீழ்ப்படி

கால்பந்து ஓர் ஏணி. உச்சிப் படியில் இருப்பவர் சிலர். கீழ்ப்படிகளில் இருப்பவர் பலர். மாவட்டப் போட்டி, சென்னை லீக், ஊர்த் திருவிழாப் போட்டி என்று அவர்கள் காலம் ஓடும். எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போனால் 'செவன்ஸ்' ஆட்டம் உண்டு. பக்கத்துக்கு ஏழு பேர். ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கையில் பணம். ஆடினால் காசு; கால் ஒடிந்தால் காசு இல்லை.

முன்பெல்லாம் நன்றாக ஆடும் பையனை ரயில்வே கூப்பிடும்; வங்கி கூப்பிடும்; வருமானவரி அலுவலகம் கூப்பிடும். கோல் போடும் கால் உத்தியோகமும் வாங்கித் தந்தது. ஆட்டம் நின்ற பிறகும் மாதச் சம்பளம் வந்தது. இன்று அணிகள் வீரரோடு ஓராண்டு, ஈராண்டு என்று ஒப்பந்தம் போடுகின்றன. ஒப்பந்தம் முடிந்தால் உறவும் முடிந்தது.

அணியே நிலைக்கும் என்பதும் நிச்சயம் இல்லை. சென்னை சிட்டி 2019-ல் ஐ-லீக் கோப்பையை வென்ற அணி. சில ஆண்டுகளுக்குள் அந்தப் போட்டியிலேயே அதைக் காணோம். 2025-ல் ஐ.எஸ்.எல். போட்டியே ஒப்பந்தச் சிக்கலால் குறித்த காலத்தில் தொடங்கவில்லை. சில அணிகள் சம்பளத்தை நிறுத்தி வைத்தன. உச்சிப் படியே ஆடினால், கீழ்ப்படியைப் பற்றிச் சொல்லவேண்டுமா?

ஜன்னல் பொருத்தியவர்

இத்தாலி நாட்டில் டாரியோ ஹூப்னர் என்று ஒருவர் இருந்தார். கோல் போடுவதில் கெட்டிக்காரர். ஆனால், இளமையில் பெரிய அணி எதுவும் அவரைச் சீந்தவில்லை. அலுமினிய ஜன்னல் பொருத்தும் வேலை பார்த்தார். இருபது வயதுக்கு மேல்தான் சிறிய அணிகளில் பெயர் வந்தது. மூன்றாம் பிரிவில் ஃபானோ அணிக்கு ஆடி, அதிக கோல் போட்டவர் ஆனார். இரண்டாம் பிரிவில் செசேனா அணிக்கு ஆடியபோதும் அப்படியே. முதல் பிரிவில் முதன்முதல் ஆடியபோது அவருக்கு வயது 30!

2002-ல், 35-வது வயதில், பியாசென்சா என்ற சின்ன அணிக்காக 24 கோல் போட்டார். பிரெஞ்சு வீரர் டேவிட் ட்ரெசகேயும் 24. முதல் பிரிவில் அதிக கோல் போட்டவர்கள் என்ற பெருமை இருவருக்கும். ஆனாலும் ஹூப்னர் இத்தாலி நாட்டு அணியில் ஒருமுறைகூட ஆடியதில்லை.

அங்கே கீழ்ப்பிரிவுகள் ஆண்டுதோறும் ஒழுங்காக நடந்தன. அதனால் ஒருவர் பத்து ஆண்டு கீழே ஆடிப் பிழைக்க முடிந்தது. பிறகு மேலே வரவும் முடிந்தது. இங்கே 22 வயதில் மேலே போகாவிட்டால் கதை முடிந்தது என்கிறார்கள். முப்பது வயதில் மலரக்கூடிய ஹூப்னர்கள் எத்தனை பேர் வலை பின்னப் போய்விட்டார்களோ!

செய்யவேண்டியது

"கையில் ஒரு தொழிலும் இருந்தால் ஆட்டத்தில் மனம் நிற்காது" என்று சிலர் சொல்வார்கள். ஜன்னல் பொருத்தியவர் அதற்குப் பதில் சொல்லிவிட்டார். பந்துக்காகப் பள்ளியை விடக்கூடாது. பையனுக்குப் படிப்போ தொழிலோ ஒன்று கையில் இருக்கவேண்டும். இது பெற்றோர் பொறுப்பு.

பொறுப்பு அவர்களோடு முடியவில்லை. பரிசுப் போட்டி நடத்துகிறவர்கள் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் ஒதுக்குகிறார்கள். அடிபடும் வீரனின் சிகிச்சைக்கும் முதலிலேயே ஒரு தொகை எடுத்து வைக்கவேண்டும். காப்பீடு இல்லாத ஆட்டம், கரைக்குச் செய்தி சொல்லும் கருவி இல்லாத படகு போன்றது.

தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. நல்ல காரியம். ஆனால், அது பெரும்பாலும் பதக்கம் பார்த்து வருகிறது. பத்து ஆண்டு லீக் ஆட்டம் ஆடியவனிடம் பதக்கம் இருக்காது, அனுபவம் இருக்கும். அவனுக்குப் பயிற்சி கொடுத்து, பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கும் வேலை தரலாம். அவனுக்கும் சோறு, பள்ளிக்கும் ஆசான்.

இவ்வளவும் நடந்தால், "பந்து சோறு போடுமா?" என்ற தாயின் கேள்விக்குத் தைரியமாகப் பதில் சொல்லலாம். அதுவரை, கோல் விழும்போது கை தட்டுகிற ஊர், கால் ஒடிந்தவன் வீட்டுக்கும் ஒரு நடை போய்ப் பார்க்கட்டும்.