பாட்டி பேச்சு கொச்சையா?

தென் மாவட்டங்களில் முறத்தைச் "சொளகு" என்பார்கள். பள்ளிக்கூடம் போகும் பேரன் அதைக் கேட்டுச் சிரிக்கிறான்.

"சொளகு இல்ல ஆச்சி, முறம்!" என்று திருத்துகிறான். ஆச்சி வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறாள்.

அவள் வெட்கப்பட வேண்டியதே இல்லை.

"சுளகு" என்ற சொல்லைத்தான் மக்கள் சொளகு என்று சொல்கிறார்கள். அந்தச் சுளகு புறநானூற்றில் இருக்கிறது. 249-வது பாட்டு. கணவனை இழந்த ஒருத்தி, அவனுக்கு உணவு படைப்பதற்காகச் சுளகு அளவு சிறிய இடத்தை மெழுகுகிறாள். அவள் கண்ணீரே மெழுகும் நீராக ஆகிறது.

புலவர் பாடினால் அது செந்தமிழ். அதையே பாட்டி சொன்னால் கொச்சையா?

விவசாயி தந்த அகராதி

இப்படிப்பட்ட சொற்களுக்கு மதிப்பு தேடித் தந்தவர், கி.ராஜநாராயணன். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள இடைசெவல் அவரது ஊர். அது மழையை நம்பி வாழும் கரிசல் பூமி.

அவர் ஒரு விவசாயி. உயர்நிலைப் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர். ஆனால், கரிசல் மக்கள் பேசும் சொற்களைத் திரட்டி, 1982-ம் ஆண்டில் ஒரு அகராதியை வெளியிட்டார். கிராமத்தார் வாய்வழியாகச் சொல்லி வந்த கதைகளையும் தேடித்தேடிச் சேர்த்தார்.

புதுவைப் பல்கலைக்கழகம் அவரை நாட்டுப்புறக் கலை பேராசிரியராக அழைத்துக்கொண்டது. "கோபல்லபுரத்து மக்கள்" என்ற நாவலுக்காக, 1991-ல் சாகித்ய அகாதமி பரிசும் கிடைத்தது. 2021-ம் ஆண்டு மே 17-ந் தேதி அவர் காலமானார்.

அவர் காட்டிய வழியில் மற்றவர்களும் நடந்தார்கள். கொங்கு நாட்டுச் சொற்களுக்குப் பெருமாள்முருகன் அகராதி செய்தார். கடலூர், விழுப்புரம் பக்கத்து நடுநாட்டுச் சொற்களுக்குக் கண்மணி குணசேகரன் செய்தார்.

சொல் போனால் என்ன?

"பழைய சொல் போனால் போகட்டுமே! புதிய சொற்கள் வருகின்றனவே!" என்று சிலர் கேட்கலாம்.

தொழில் மாறினால் சொல்லும் மாறும். அது உண்மைதான். டிராக்டர் வந்தது. மேழி, கொழு, நுகத்தடி, பூட்டாங்கயிறு எல்லாம் போயின. சொல்லைக் காப்பாற்றுவதற்காக மறுபடியும் மாட்டைப் பூட்டுங்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால், ஒரு சொல் போகும்போது அதில் இருந்த அறிவும் போய்விடுகிறது.

கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வாடை. தெற்கிலிருந்து தென்றல். பெயரைச் சொன்னாலே திசை தெரிந்துவிடும். வெறுமனே "காற்று" என்றால் என்ன தெரியும்?

"முன்னத்தி ஏர்" என்று ஒரு சொல் உண்டு. பல ஏர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உழும்போது, எல்லாவற்றுக்கும் முன்னால் போகும் ஏர் அது. அதன் சாலைப் பார்த்துத்தான் மற்ற ஏர்கள் போகும். ஆட்கள் ஒன்றுகூடி உழுத முறையே அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

பொதுத்தமிழ் வேண்டாமா?

வேண்டும். நாகர்கோவிலில் எழுதிய கடிதம் வேலூரில் புரிய வேண்டும். பரீட்சை எழுதவும், பத்திரிகை படிக்கவும் பொதுத்தமிழ் தேவை. அதை ஆசிரியர் கற்றுத்தரத்தான் வேண்டும்.

அதற்காக, வீட்டுப் பேச்சைத் தப்பு என்று சொல்லலாமா? "முறம் என்றும் சொல்லலாம், சொளகு என்றும் சொல்லலாம்" என்றால் போதுமே! பிள்ளைக்கு 2 சொல் தெரிந்துவிடும். தாய் பேசும் பேச்சைப் பழித்தால், பிள்ளை வகுப்பில் வாய் திறக்கவே அஞ்சும்.

தொல்காப்பியம் "திசைச்சொல்" என்று ஒரு வகையே வைத்திருக்கிறது. பல பகுதிகளில் வழங்கும் சொற்களுக்குச் செய்யுளிலும் இடம் உண்டு என்கிறது. இலக்கணமே இடம் கொடுக்கும்போது, நாம் ஏன் விரட்ட வேண்டும்?

பழைய பேச்செல்லாம் நல்லது என்றும் சொல்வதற்கில்லை. ஜாதியைச் சொல்லி மனிதரை இழிவுபடுத்தும் சொற்களும் அதில் உண்டு. அவற்றை ஒழித்தே ஆகவேண்டும்.

ஒரு நோட்டு போதும்

ஊர்ச் சொற்களைச் சேர்க்கப் பெரிய படிப்பு தேவை இல்லை என்பதற்கு ராஜநாராயணனே சாட்சி. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்.

வீட்டுக்கு ஒரு நோட்டு வைக்கலாம். பெரியவர்கள் சொல்லும் சொல், அதன் பொருள், அதை வைத்து ஒரு வாக்கியம், ஊர் பெயர் ஆகியவற்றை எழுத வேண்டும். கருவியின் பெயர் என்றால், பக்கத்தில் ஒரு படம் வரையலாம். கதை, தாலாட்டு என்றால் செல்போனில் குரலையே பதிவு செய்யலாம். பள்ளிக்கூடங்கள் இதை விடுமுறை வேலையாகக் கொடுக்கலாம்.

தாமதம் மட்டும் கூடாது. மாடு பூட்டி உழுதவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாப்பாடு முடிந்ததும், ஏரின் உறுப்புகள் என்னென்ன என்று தாத்தாவிடம் பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள்.